சுகர் பூனையும் திருநெல்வேலிக் கல்யாணமும்

ஊசி போட ஆள் கிடைப்பது சென்னையில் பெரிய காரியமே இல்லை. நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்திலேயே எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இன்சுலின் டப்பா இருக்கும். சீரியலில் கண்ணை வைத்தபடியே வயிற்றில் குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் எங்கள் பூனை பிச்சுவுக்குச் சுகர் என்று தெரிந்து, காலையும் மாலையும் இன்சுலின் ஆரம்பித்தபோது, நாங்கள் ஊருக்குப் போனால் யார் போடுவது என்ற கவலை எனக்கு அவ்வளவாக வரவில்லை. கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஊசி போடத் தெரிந்தவர் பத்துப் பேர் கிடைப்பார்கள். "இன்னிக்கு வேண்டாம்" என்று போடாமல் விடத் தெரிந்தவர் ஒருவரைப் பிடிப்பதுதான் பாடு.

காரணம் எளிது. ஒரு வேளை ஊசி தவறிப்போனால் பிச்சு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடிப்பான், மணல் தட்டில் பெரிய பெரிய கட்டியாகச் சிறுநீர் கழிப்பான். அத்தோடு சரி. சாப்பிடாத வயிற்றில் போட்டாலோ, ஒரே வேளைக்கு இரண்டு பேர் போட்டாலோ, சில மணி நேரத்துக்குள் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய், தள்ளாட்டம், வலிப்பு, உயிர்ச்சேதம் வரைக்கும் போகலாம். நாள்கணக்கில் போடாமலே இருந்தால் அதுவும் ஆபத்துதான். உடம்பில் கீட்டோன் சேர்ந்து, வாந்தி, சோர்வு என்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிடும். ஆனால் ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை என்று வரும்போது, சந்தேகம் வந்தால் போடாதே என்பதுதான் எங்கள் டாக்டரம்மா சொன்ன முதல் பாடம். பராமரிப்புக்கு ஆள் தேடுவது, பழக்குவது, எழுதி ஒட்டுவது என்று நாங்கள் செய்த எல்லாமே இந்த ஒரு பாடத்தைச் சுற்றித்தான்.

பிச்சு ஆரஞ்சு நிறக் கடுவன். கருத்தடை ஆனவன், பத்து வயதைத் தாண்டியவன், ஏழு கிலோவைத் தொட்டவன். பூனைக்குச் சுகர் வர என்னென்ன தகுதி வேண்டுமோ அத்தனையும் இவனிடம் இருக்கிறது என்று டாக்டரம்மாவே சிரித்தார். குளியலறை வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ஒருநாள் பார்த்தால் பின்னங்கால் குதி தரையில் பதியப் பதிய நடக்கிறான். பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி, சர்க்கரை நரம்பைத் தாக்கினால்தான் இப்படிக் குதியை ஊன்றுமாம். கிளார்ஜின் இன்சுலின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மாவுச்சத்து குறைந்த ஈர உணவு என்று முடிவாயிற்று.

அந்த வருஷமே நாத்தனார் பெண்ணுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் குறித்தார்கள். போகாமல் இருக்க முடியாது. தாய்மாமன் வீட்டு முறை செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.

போர்டிங்கில் விடலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். சுகர் வருவதற்கு முன்பு ஒருமுறை விட்டிருக்கிறோம். சுற்றிலும் நாய்கள் குரைக்கிற இடம். பிச்சு கூண்டுக்குள் மணல் தட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டு, முதல் நாள் முழுக்கச் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆரோக்கியமான பூனையே இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும். சுகர் பூனைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பயந்தாலே பூனைக்கு ரத்தச் சர்க்கரை ஏறும். சுகரே இல்லாத பூனைகூட ஆட்டோ, கூடை, புது இடம் என்று மிரண்டால் மீட்டரில் 200, 300 என்று காட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு டோஸை ஏற்றினால், வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாய்ந்து படுத்ததும் அந்த டோஸே வினையாக முடியும். இந்த விஷயம் தெரிந்த, பூனைகளுக்குத் தனி அறை வைத்திருக்கும், இரவிலும் ஆள் இருக்கும் மருத்துவமனை போர்டிங் உங்கள் ஊரில் இருந்தால் தாராளமாக விடலாம். புதிதாக நோய் தெரிந்து டோஸ் இன்னும் நிலைக்கு வராத பூனைக்கு அதுதான் நல்லது என்றும் சொல்வேன். நிலைக்கு வந்துவிட்ட பூனைக்கு அதன் வீடுதான் சரி. கூடவே தூக்கிப் போவதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. கல்யாண வீட்டில் நாகஸ்வரத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு சுகர் பூனையை யார் கட்டி மேய்ப்பது?

ஆக, எதிர்வீட்டு மாமி. தனக்குத் தானே பல வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். கை நடுங்காது. பிச்சுவுக்கும் அவர் மடி பழக்கம். கேட்டதும் "இதென்னடி பெரிய விஷயம்" என்று ஒத்துக்கொண்டார். அந்த 'பெரிய விஷயம் இல்லை'தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்சுலின் தெரிந்தவர்களுக்குப் பூனை இன்சுலினைச் சொல்லிக்கொடுப்பது, தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம். அவர்களிடம் இருக்கும் பழக்கத்தை முதலில் இறக்கிவைக்க வேண்டும்.

டோஸைக் கேட்டதும் மாமி சிரித்துவிட்டார். "ரெண்டு யூனிட்டா? கொசுவுக்கா போடறே?" அவர் போட்டுக்கொள்வது அதைப்போலப் பத்து மடங்கு. அடுத்தது வரிசை. மாமி ஊசியைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் உட்காருவார். மனுஷிக்குச் சொன்னால் புரியும், பசி இல்லாவிட்டாலும் ஊசி போட்டாயிற்றே என்று இரண்டு இட்லியை உள்ளே தள்ளுவாள். பூனையிடம் அந்தப் பேரம் நடக்காது. ஊசி போட்ட பிறகு "எனக்கு வேண்டாம்" என்று அது திரும்பிப் படுத்துக்கொண்டால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே முதலில் சாப்பாடு. கிண்ணத்தைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி.

சிரிஞ்ச் விஷயம் இதைவிடப் பெரியது. நம் மருந்துக் கடைகளில் இரண்டு விதமான இன்சுலின் சிரிஞ்ச் விற்கிறது. மாமியின் மருந்து ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது; அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பிச்சுவின் கிளார்ஜின் ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. மாமியின் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரைக்கும் பிச்சுவின் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நாலரைக் கிலோவுக்கு இளைத்துவிட்ட பூனைக்கு அது தாங்காது. மாமி எவ்வளவு நல்லவர் என்றால், எங்கள் சிரிஞ்ச் கீழே விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து எடுத்துவருகிற அளவுக்கு நல்லவர். அதனால் தேவைக்கு மேலேயே ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கி வைத்தேன். 0.3 மில்லி பிடிக்கிற சின்ன ரகம்; அதில் அரை யூனிட் கோடு போட்டதும் கிடைக்கிறது. பெரிய ஒரு மில்லி சிரிஞ்சில் கோட்டுக்குக் கோடு இரண்டு யூனிட், மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றையும் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. "தீர்ந்துபோனாலும், உடைஞ்சாலும், உங்க சிரிஞ்ச் மட்டும் வேண்டாம் மாமி. அன்னிக்கு ஊசியே வேண்டாம்" என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. பிச்சு சாப்பிடுவது கோழியும் மீனும் போட்ட பாக்கெட் உணவு. மாமி வீட்டில் முட்டைகூடச் சேர்க்க மாட்டார்கள். "ஊசி எத்தனை வேணா போடறேன். அந்தப் பாக்கெட்டை மட்டும் என்னைப் பிரிக்கச் சொல்லாதே." நியாயம்தான். தயிர் சாதம் வைக்கட்டுமா என்று பரிவோடு கேட்டார். மாரி பிஸ்கட்டும் வைத்திருக்கிறாராம். சுகர் பூனைக்குச் சோறும் பிஸ்கட்டும் எதற்கு ஆகாது என்பதை, அவருடைய டாக்டர் அவருக்குச் சொல்வதையே திருப்பிச் சொல்லிப் புரியவைத்தேன்.

கீழ்வீட்டில் அறையெடுத்துப் படிக்கும் தம்பி ஒருவன் சாப்பாடு வைக்க முன்வந்தான். பூனைப் பிரியன். காலையில் அவன் சாப்பாடு வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவது, மாமி பிறகு வந்து ஊசி போடுவது என்றுதான் என் வீட்டுக்காரர் திட்டம் போட்டார். ஆபத்து நுழைகிற ஓட்டை இதுதான். சாப்பிட்டதைப் பார்த்தவர் ஒருவர், ஊசி போடுகிறவர் இன்னொருவர் என்றால், நடுவில் "சாப்பிட்டுட்டான்னு நினைக்கிறேன்" என்ற வார்த்தை வந்து உட்காரும். காலியாக இருக்கும் கிண்ணத்தைப் பூனைதான் காலி செய்தது என்பதற்கும் உத்தரவாதமில்லை. எங்கள் வீட்டு எறும்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். தம்பி பாக்கெட்டைப் பிரித்து வைப்பான், மாமி சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பிச்சு சாப்பிடுவதைப் பார்ப்பார், பிறகு ஊசி. சாப்பாட்டுக் கரண்டி, கத்தரிக்கோல், கிண்ணம் எல்லாம் தம்பியின் இலாகா. மாமி எதையும் தொட வேண்டியதில்லை.

இருவருக்கும் ஒத்துவரும் நேரம் காலை ஆறரை, மாலை ஆறரை. மாமி விளக்கேற்றி முடித்திருப்பார், ஏழு மணி சீரியல் தொடங்கியிருக்காது. அதுவரை பிச்சுவுக்கு எட்டு மணிதான் வேளை. டாக்டரிடம் கேட்டு, ஊருக்குப் போவதற்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வேளையை நகர்த்திக்கொண்டு வந்தோம். பூனையின் நேரத்துக்கு உதவி செய்கிறவர்களை இழுப்பதைவிட, அவர்களின் நேரத்துக்குப் பூனையைக் கொண்டுவருவதுதான் நடக்கிற காரியம். அப்படியும் அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே ஆனால் குடி முழுகிவிடாது என்று இருவரிடமும் அழுத்திச் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவந்து, அவசரத்தில் கிண்ணத்தைப் பார்க்காமல் ஊசி போடுவதைவிட, தாமதமாக வருவது மேல்.

பழக்கிவிட ஒரு சனி ஞாயிறு போதாது. முதலில் நான் போட, மாமி பார்த்தார். பிறகு அவர் போட, நான் பார்த்தேன். அப்புறம் நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தக் கடைசிப் படி முக்கியம். நாம் பக்கத்தில் நிற்கும்வரை பூனையும் அடங்கி நிற்கும், போடுகிறவரும் ஒவ்வொன்றுக்கும் நம் முகத்தைப் பார்ப்பார்.

வயிற்றுச் சதையைப் பிடித்துச் செங்குத்தாகக் குத்திப் பழகிய கைக்கு, பூனையின் தளர்ந்த தோலைக் கூடாரமாகத் தூக்கி அதன் அடியில் ஊசியைச் செலுத்துவது புதிது. பிடரியிலேயே திரும்பத் திரும்பப் போடாமல் விலாப்பக்கமும் இடம் மாற்றி மாற்றிப் போடலாம். ஊசி மிக மெல்லியது; தோலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டால் மருந்து முழுக்க முடியில் இறங்கிவிடும், போடுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. மாமிக்கும் ஒருமுறை அப்படி ஆனது. விரலால் தடவினால் முடி ஈரம். முகர்ந்து பார்த்தால் மருந்து வாடை. உடனே இன்னொரு சிரிஞ்சை எடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது மறுபடி போடக் கூடாது. அடுத்த வேளைக்குத்தான் அடுத்த ஊசி. ஊசி போடாமல் விடும் பயிற்சியை மாமி அன்றைக்குத்தான் முதன்முதலாக எடுத்துக்கொண்டார். அது எங்கள் கண்முன்னே நடந்ததில் எனக்குப் பரம திருப்தி.

கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு பரிசோதனை. ஈர உணவும் கிளார்ஜினும் ஒத்துப்போன சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வந்துவிடுவதுண்டு. சந்தோஷமான செய்திதான்; ஆனால் நாம் ஊரில் இல்லாத வாரத்தில் அது நடந்தால், வழக்கமான டோஸே கூடுதல் டோஸாகிவிடும். நிலவரம் பார்த்துவிட்டு டாக்டரம்மா டோஸை ஒரு சிட்டிகை இறக்கிக் கொடுத்தார். நாங்கள் இல்லாத நாட்களில் சர்க்கரை கொஞ்சம் மேலேயே நிற்கட்டும் என்பது அவர் கணக்கு. இதை நாமாகச் செய்யக் கூடாது, ஆனால் நாமாகக் கேட்கலாம். புது மருந்துக் குழாயையும் போகிற அன்று பிரிக்காமல் முன்னதாகவே பிரித்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பூனைக்கு 10 மில்லி பாட்டில் தேவையில்லை. பேனாவுக்குள் போடும் 3 மில்லி குழாயிலேயே 300 யூனிட் இருக்கிறது, அதிலிருந்து சிரிஞ்சில் இழுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு உறவினர், அமெரிக்காவில் சுகர் பூனைக்கு மாத்திரையே வந்துவிட்டதாமே என்று அனுப்பினார். உண்மைதான். 2022 டிசம்பரில் பெக்ஸாகேட் என்ற மாத்திரைக்கும், 2023இல் சென்வெல்கோ என்ற வாய்வழித் திரவத்துக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஆனால் இரண்டுமே ஏற்கெனவே இன்சுலினில் இருக்கும் பூனைக்கானவை அல்ல. பிச்சுவுக்குப் பயனில்லை என்று பதில் போட்டேன்.

காதோரம் குத்திச் சர்க்கரை பார்ப்பதை மாமிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தோலில் ஒட்டும் சென்சாரும் வேண்டாம் என்று விட்டோம். அதன் ஆயுள் 14 நாள் என்றாலும் பூனை உடம்பில் அதற்கு முன்பே உதிர்ந்துவிடுவது சகஜம். அதோடு, எண்ணைப் பார்த்தால் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுக்கும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும் என்பது வேறு. அந்த எண்களை வைத்து முடிவெடுப்பது எங்கள் வேலை, டாக்டர் வேலை. பார்த்துக்கொள்கிறவருக்குக் கிண்ணம், தண்ணீர், மணல் தட்டு, நடை இந்த நான்கும் போதும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரே ஒரு தாள், பெரிய எழுத்தில். பாதிக்கு மேல் சாப்பிட்டானா, ஊசி. இல்லையா, ஊசி இல்லை. வாந்தி எடுத்தானா, ஊசி இல்லை. போட்டோமா என்று சந்தேகமா, ஊசி இல்லை. இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாவிட்டால் டாக்டருக்குப் போன். இது பிச்சுவுக்கு எங்கள் டாக்டர் வகுத்த விதி; உங்கள் பூனைக்கு உங்கள் டாக்டர் பாதி டோஸ் என்றுகூடச் சொல்லலாம். எதுவானாலும் யோசிக்க இடமில்லாத மாதிரி எழுதுங்கள். "நிலைமையைப் பார்த்துச் செய்யவும்" என்று எழுதினால் பழி முழுவதையும் பாவம் அந்த மாமி தலையில் ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

இரட்டை ஊசியைத் தடுக்க என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். ஜிப் கவர்கள் வாங்கி, 'புதன் காலை', 'புதன் மாலை' என்று எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு காலி சிரிஞ்சைப் போட்டு ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். கவரில் சிரிஞ்ச் இல்லையென்றால் அந்த வேளை முடிந்தது. மருந்தை முன்கூட்டியே இழுத்து வைக்கவில்லை. கிளார்ஜினை அப்படிச் சிரிஞ்சில் நிரப்பி நாள்கணக்கில் வைக்கக் கூடாது. போட்ட சிரிஞ்ச் கெட்டி பிளாஸ்டிக் ஹார்லிக்ஸ் ஜாடிக்குள். குப்பை வண்டிப் பெண்ணின் கையில் குத்தக் கூடாதே.

சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதிக் காட்டினால் போதாது, செய்து காட்ட வேண்டும். ஊசி ஆரம்பித்த புதிதில் பிச்சுவுக்கு ஒருமுறை இறங்கியிருக்கிறது. ஜன்னல் திட்டிலிருந்து குதித்தவன், தரையில் கால் பரப்பி நின்றான். பட்டப்பகல் வெளிச்சத்தில் கருவிழி முழுவட்டமாக விரிந்திருந்தது. கூப்பிட்டால் தலை மட்டும் திரும்புகிறது, உடம்பு இன்னொரு பக்கம் சாய்கிறது. விரலில் தேனைத் தொட்டு உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன், திரும்பத் தேய்த்தேன். சிறிது நேரத்தில் நக்க ஆரம்பித்தான். நக்கியதும் சாப்பாடு, உடனே ஆஸ்பத்திரி. தேன் கொடுத்துத் தேறிவிட்டான் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே போன இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். இதை மாமிக்கும் தம்பிக்கும் நடித்தே காட்டினேன். நினைவில்லாத பூனையின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், தேய்க்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது என்பதையும். ஒரு சின்னத் தேன் பாட்டில் மணல் தட்டுக்கு மேலே ஆணியில், இன்னொன்று ஃப்ரிட்ஜ் மேலே. கூடை சமையலறை மேடைக்கு அடியில் திறந்தபடி. இரவில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது, ஞாயிற்றுக்கிழமை எது என்று போன் செய்து கேட்டு எழுதியது, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வழி, பூனைக் கூடையை ஏற்ற முகம் சுளிக்காத ஆட்டோ அண்ணனின் நம்பர். எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் சிகிச்சை செய்யலாம், இன்ன தொகைவரை நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்திட்ட ஒரு கடிதம் டாக்டரிடமே கொடுத்துவைத்தோம்.

பார்த்துக்கொள்கிறவர் ஒரே கட்டடத்தில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டால், 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் பார்த்த சென்னைக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. வேளச்சேரியிலிருந்து பைக்கில் வந்து போட்டுவிட்டுப் போகிறேன் என்று சொன்ன நல்ல உள்ளத்தை அதனால்தான் இரண்டாம் வரிசையில் வைத்தோம். கரண்ட் போனால் இன்சுலினுக்கும் ஒரு திட்டம் வேண்டும். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி. ஃப்ரீசரில் உறையவிட்டால் வீண். பிரித்தது 30 டிகிரிக்குள் சில வாரம் தாங்கும், ஆனால் சித்திரை வெயிலில் நங்கநல்லூர் சமையலறை 30 டிகிரியா இருக்கும்? ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் மாமி வீட்டுத் தெர்மாஸ் பையில் அவருடைய மருந்தோடு இதுவும் போகும் என்று ஏற்பாடு, இரண்டு டப்பாவையும் வேறு வேறு நிற ரப்பர் பேண்டு போட்டு.

தீபாவளிக்கு மட்டும் நாங்கள் எங்கும் போவதில்லை. பட்டாசுச் சத்தத்தில் பிச்சு கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு சாப்பாட்டை மறந்துவிடுவான். அந்த நாட்களில் சாப்பிடவைப்பதே ஒரு கலை, அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. மற்ற பயணங்களின்போது படுக்கையறைகளைப் பூட்டிவிட்டுத்தான் போகிறோம். பரண், பீரோ இடுக்கு எதிலும் புகுந்துகொள்ளாமல் பூனை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால்தான் அதன் நடை எப்படி இருக்கிறது என்று யாராவது பார்க்க முடியும்.

திருநெல்வேலியில் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது போன் வந்தது. தவில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு ஓடினேன்.

"சாப்ட்டான். சாப்ட்ட கையோட அப்படியே வாந்தி எடுத்துட்டான்டி."

"ஊசி?"

"போடலை. அதான் எழுதி ஒட்டியிருக்கியே. நாங்க ரெண்டு பேரும் பேசிண்டோம். வேண்டாம்னு வெச்சுட்டோம். நோட்டுல எழுதியாச்சு."

நான் சொல்ல வேண்டியது எதுவுமே மிச்சமில்லை. ஒன்பது மணிக்குத் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வீடியோ அனுப்பினான். பிச்சு பல்லியைத் துரத்திக்கொண்டிருந்தான். மறுநாள் காலை கிண்ணம் காலி. மாமி மட்டும் ஒரு செய்தி போட்டுக் கேட்டார்: நேற்று விட்டதற்கும் சேர்த்துப் போட வேண்டுமா? வேண்டாம், வழக்கமான அளவுதான் என்றேன். தாளில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. இப்போது இருக்கிறது.

கூலி விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. தம்பிக்கு வேளைக்கு இவ்வளவு என்று பேசிப் பணமாகவே கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தான். வற்புறுத்தினோம். காசு வாங்காமல் செய்கிறவரிடம் "கிண்ணத்தைப் போட்டோ எடுத்தியாப்பா?" என்று ஒவ்வொரு வேளையும் கேட்க முடியாது, நாக்கு எழாது. காசு கொடுத்தால் கேட்கலாம், அவனும் கோபித்துக்கொள்ளாமல் அனுப்புவான். மாமியிடம் பணப் பேச்சே எடுக்க முடியாது. திருநெல்வேலி போய்விட்டு அல்வா இல்லாமல் வருவதா என்று இவர் கடை வாசல்வரை போய்விட்டார். சுகர்காரருக்கு அல்வாவா என்று இழுத்துக்கொண்டு வந்து, பத்தமடைப் பாய் வாங்கினோம். மாமிக்குப் பரம சந்தோஷம்.

திரும்பி வருகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரி ரயில் ஏறி அதிகாலையில் தாம்பரத்தில் இறங்குவதாகத் திட்டம். ரயில் எப்போது வரும் என்பது ரயிலுக்கே வெளிச்சம். நாம் சீக்கிரம் வந்து ஊசி போட்டுவிட, அது தெரியாமல் ஆறரைக்கு மாமியும் வந்து போட்டுவிட்டால்? அதனால் வந்து சேரும் அன்று காலை ஊசி மாமியின் கணக்கு, நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தாலும். அன்று மாலையிலிருந்துதான் எங்கள் பொறுப்பு. பெட்டியை இறக்கியதும் நோட்டை எடுத்து, எந்த வேளை விடுபட்டது, தண்ணீர் எவ்வளவு குடித்தான் என்று பார்த்துக்கொண்டு, அந்த வாரமே டாக்டரிடம் எடை போட்டுக் காட்டிவிட்டு, இறக்கிவைத்த டோஸை மறுபடி ஏற்றலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்கிறோம்.